ஒலியைக் கையாள்பவர்

சண்டிலிப்பாய்
14.02.2025

அன்பு மருமகள் தனுசியாவுக்கு,

உன் அம்மாவின் ஒரேயொரு அண்ணனும், வலிகாமத்தின் ஒலி ஒளிக்கு முப்பத்தெட்டு வருடமாகப் பொறுப்பாளனுமாகிய சீவரத்தினம் மாமா எழுதுவது. இங்கே நானும் மாமியும் இரண்டு ஆடும் சுகம். ஓர் ஆட்டுக்கு மட்டும் கொஞ்சம் தடிமன், மூக்கு ஒழுகுகிறது. அங்கே நீயும், கொழும்பில் உனக்கு வாய்த்த அந்தச் சுழலாத மின்விசிறியும் சுகமா?

உன் கடிதமும் படிவமும் கிடைத்தன. நீ நாலு தரம் போன் எடுத்ததாக மாமி சொன்னா. போனில் கதைப்பதெல்லாம் ஒரு கதையா? காற்றோடு போகிற சங்கதி. கடிதம் என்றால் பெட்டியில் வைத்துப் பூட்டலாம். இதைப்பற்றிப் பெரியவர்கள் ஒரு பாட்டே பாடியிருக்கிறார்கள். எந்தப் பெரியவர், என்ன பாட்டு என்று கேளாதே. எட்டாம் வகுப்பில் படித்தது, அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்துக்கு என்னோடு ஈடுகொடுக்க முடியவில்லை.

உன் புது வேலையைப் பற்றி ஊரெல்லாம் சொல்லிவிட்டேன். மேடைக்கு முன்னால் நிற்பவனைத்தான் உலகம் எண்ணும், என் மருமகள் பின்னால் நிற்பவனை எண்ணப் போகிறாள் என்றேன். லைற் கட்டுகிறவன், ஒலி பார்க்கிறவன், சீன் கீறுகிறவன், உடுப்புத் தைக்கிறவன், முகத்துக்குப் பூசுகிறவன். இவர்களில் ஆண் எத்தனை, பெண் எத்தனை, என்ன சமயம், என்ன மொழி, என்ன வயது, உடல் குறை உள்ளவர் எத்தனை என்று வடக்கு முழுவதும் எழுதி எடுப்பது லேசான வேலையா? சங்கக்கடையில் ஒருவர், "உதெல்லாம் ஏன் கேட்கினம்? முந்திச் சண்டைக் காலத்திலையும் வீட்டிலை எத்தினை பேர் எண்டு எழுதிக்கொண்டு போனவை, திரும்பி வந்தது நல்லதுக்கில்லை" என்றார். "இது வேறை எழுத்து. ஆருக்கு வேலை கிடைக்குது, ஆருக்குக் கிடைக்கேல்லை எண்டு பார்க்கிற எழுத்து" என்று நானே விளக்கம் கொடுத்தேன். கடையே வாயைப் பிளந்தது.

படிவத்தை மூன்று பின்னேரம் இருந்து நிரப்பினேன். எங்கள் 'இரத்தினம் ஒலி ஒளி'யில் மொத்தம் முப்பத்துநான்கு பேர். நீ விட்ட இடம் போதாமல் கொப்பித்தாள் ஒன்று ஒட்டியிருக்கிறேன். முறை தவறாமல் வரிசைப்படுத்தியிருக்கிறேன்: காலஞ்சென்ற கந்தப்பு (கம்பம் நடுபவர்), காலஞ்சென்ற தங்கமுத்து (சீன் கீறுபவர்), டினேஸ் (சுவிஸ்), அவருடைய தம்பி (பிரான்ஸ்) என்று கடைசி ஆள் வரைக்கும் உண்டு. ஒருவரும் நாளைக்கு வந்து 'என்னை விட்டிட்டியள்' என்று மனத்தாங்கல் பட இடமில்லை.

'ஒலியைக் கையாள்பவர்' என்ற கட்டத்தில் என் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன். அந்தக் கட்டத்தில் பெயர் உள்ளவர் கொழும்பில் ஆறு கிழமை, அதாவது ஒன்றரை மாதப் பயிற்சிக்கு வரலாம் என்று கண்டேன். எனக்கு இனி யார் என்ன படிப்பிக்கப் போகிறார்கள்? ஆனாலும் வருகிறேன். அவர்களுக்குப் பிரயோசனமாக இருக்கும்.

மாமி பனங்கிழங்கு காயவைத்து இடித்த ஒடியல் மா அனுப்புகிறா. கூழ் காய்ச்ச நல்ல மீன் கிடைக்காவிட்டால் எழுது. கடலுக்கே ஒரு கடிதம் போடுகிறேன்.

உன் முன்னேற்றத்தைத் தன் முன்னேற்றமாகச் சொல்லித் திரியும்,
மாமா சீவரத்தினம்

*

கொழும்பு
25.02.2025

அன்பு மாமாவுக்கு,

மின்விசிறி சுழலத் தொடங்கிவிட்டது. இப்போது கட்டில்தான் ஆடுகிறது. நான் சுகம். உங்கள் ஆட்டின் தடிமன் எப்படி?

படிவத்தை அலுவலகத்தில் எல்லோரும் சுற்றி நின்று வாசித்தோம். மாமா, இது மரண அறிவித்தல் இல்லை. கடந்த பன்னிரண்டு மாதத்தில் உங்களோடு வேலை செய்தவர்களை மட்டும்தான் எழுத வேண்டும். உங்கள் முப்பத்துநான்கு பேரில் ஒன்பது பேர் மோட்சத்தில், இருபது பேர் ஐரோப்பாவிலும் கனடாவிலும். மிச்சம் ஐந்து. அதில் ஒரேயொரு பெண், லட்சுமி. அவவின் பிறந்த ஆண்டு 1994, பிறந்த இடம் யப்பான் என்று இருந்ததால் அம்மாவிடம் கேட்டேன். அது ஜெனரேற்றரின் பெயராமே.

முப்பத்தெட்டு வருட வேலையில் ஒரேயொரு பெண், அதுவும் ஜெனரேற்றர் என்று நான் எப்படி எழுதுவது? மாமி திரை தைத்து வயர் சுருட்டுவதைச் சின்ன வயதில் என் கண்ணாலேயே கண்டிருக்கிறேன்.

இன்னொன்று. பயிற்சிக்கு மாவட்டத்துக்கு ஓர் ஆள்தான். மைக்குகளின் ஒலியை உண்மையிலேயே ஏற்றி இறக்குபவர் வரவேண்டும். அதனால் அந்தக் கட்டத்தை யோசித்து எழுதுங்கள். மே 31 கடைசி நாள். புதுப் படிவம் இதோடு வருகிறது.

மாமியின் ஒடியல் மாவுக்கு என் அன்பு. உங்களுக்கும்தான்.

தனு

*

சண்டிலிப்பாய்
09.03.2025

அன்பு மருமகளுக்கு,

ஆடு சுகம். தடிமன் இப்போது எனக்கு.

நீ கேட்டபடி செத்தவர்களை வெட்டிவிட்டேன். கந்தப்பரைக் கடைசியாகத்தான் வெட்டினேன். மனுஷன் ஒரு கையால் கம்பத்தைப் பிடித்து மறு கையால் சுருட்டுப் பற்ற வைப்பார். சுவிஸ்காரரையும் வெட்டினேன், கேட்டால் நீதான் பதில் சொல்ல வேண்டும். லட்சுமிக்குத் தன்னை வெட்டியது தெரியாது. தெரிந்தால் ஸ்ரார்ட் ஆகமாட்டாள்.

ஆகவே நான்கு பேர். நான், லைற்றுக்குக் கோபிசங்கர், வயருக்கு நிருஷன், சாமான் ஏற்றும் வான் ஓட றஜிந்தன். பெண்கள்: பூச்சியம். உடல் குறை: பூச்சியம். எல்லோரும் காளைகள். நான்கு பேரும் சைவம், நான்கு பேரும் தமிழ். மிகவும் துப்புரவான படிவம்.

மாமி வயர் சுருட்டுவா, திரை தைப்பா, ஓம். அது வீட்டு ஆள் செய்கிற வேலை. பெண்சாதியைத் தொழிலாளி என்று எழுதிக் கொடுத்தவன் என்று ஊர் சிரிக்கும். குருநகரில் இருந்து றொசாந்தி என்றொரு பிள்ளையும் வரும். கடற்தொழில் செய்யும் சிமியோனின் மகள், இருபத்தெட்டு வயது. மூன்று வருடமாக வருகிறாள். சனத்துக்குள் ஒரு கதிரையில் பெரிய போன் மாதிரியான 'ரப்' என்கிற கண்ணாடிப் பலகையை மடியில் வைத்துக்கொண்டு இருப்பாள். இந்தக் காலத்துப் பிள்ளைகள், ஏதோ பார்க்குங்கள். அதையெல்லாம் எழுத வெளிக்கிட்டால் தேத்தண்ணி ஊற்றுகிறவரையும் எழுத வேண்டும்.

ஒலி மட்டும் என் கையில். போன கிழமை வைரவர் கோயில் கச்சேரியில் மிருதங்கத்தின் அடி ஒவ்வொன்றும் தனித்தனியாகப் புறப்பட்டுப் போய், மாதகல் கடலில் வலை விரித்தவன் தாளம் போட்டானாம். தர்மகர்த்தா என் தோளில் தட்டி, "சீவரத்தினம், உன்ரை விரல் விரலில்லை" என்றார். பிறகு என்ன என்று சொல்லவில்லை. சொல் வரவில்லை போலும்.

பயிற்சிக்கு உடுப்பு அடுக்கத் தொடங்கிவிட்டேன்.

இருமிக்கொண்டும் உன்னை வாழ்த்திக்கொண்டும்,
மாமா

*

கொழும்பு
21.03.2025

அன்பு மாமாவுக்கு,

இருமலுக்குக் கொத்தமல்லி குடித்தீர்களா? நேற்று நான் போன் எடுத்தபோது நீங்கள் பக்கத்தில் இருமியது எனக்குக் கேட்டது. மாமி "அவர் தோட்டத்துக்குப் போட்டார்" என்றா. தோட்டம் போனுக்கு மிகக் கிட்ட இருக்கிறது போல.

ஒரேயொரு கேள்வி. றொசாந்தி அந்த ரப்பில் என்ன பார்க்கிறா?

பதில் வரும்வரை உங்கள் படிவத்தை மேசை லாச்சியில் வைத்திருக்கிறேன்.

உங்கள் தனு

*

சண்டிலிப்பாய்
03.04.2025

அன்புள்ள தனு,

மீனாம்பிகை மாமி எழுதுகிறேன். மாமா புகையிலைத் தோட்டம் பார்க்கப் போயிருக்கிறார், இந்த முறை உண்மையாகவே. அவர் வருவதற்குள் முடிக்க வேண்டும். எல்லோரும் சுகம் என்று வைத்துக்கொள்.

நீ கேட்டதற்குப் பதில் அவர் எழுதமாட்டார். நான் எழுதுகிறேன். மாமாவுக்கு வலது காது கேட்காமல் நாலு வருடம். இடது காதும் பாதிதான். முப்பத்தெட்டு வருடம் குழாய் ஒலிபெருக்கிக்குக் கீழே நின்ற மனுஷன். டொக்டர் அதைச் சொன்னபோது நான்தான் கேட்டேன். அவருக்கு அதுவும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து எழுதிக் காட்டினேன். வாசித்துவிட்டு, அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். அன்று முதல் போனில் கதைப்பதில்லை. உனக்கு எழுதுகிற இந்தக் கடிதங்கள் அதனால்தான்.

ஒலி முழுக்க றொசாந்தி. எல்லா மைக்கும் அந்த ரப்பில்தான் ஏறி இறங்கும். மாமாவுக்கு முன்னால் இருக்கிற, ஒலியைக் கலக்கும் பெரிய மிக்சர் ஒரு வயரோடும் பூட்டப்படவில்லை. சிவப்பு லைற் மட்டும் எரியும். அவர் குமிழ்களைத் திருகிக்கொண்டு இருப்பார். இந்த ஒழுங்கும் அவள் கண்டுபிடித்ததுதான். "ஆக்களுக்கு அங்கிளைத்தான் தெரியும், அவர் முன்னாலை இருக்கட்டும்" என்றாள்.

உன் படிவம் மேசையில் கிடந்த அன்று றொசாந்தி அதை வாசித்தாள். பயிற்சி பற்றிய இடத்தை இரண்டு தரம் வாசித்தாள். பிறகு அதன் மேல் மாமாவின் மூக்குக்கண்ணாடியைப் பழையபடி வைத்துவிட்டு வயர் சுருட்டப் போனாள். அவள் கேட்கமாட்டாள். கேட்டால் கோயில்காரர் எல்லாருக்கும் விஷயம் தெரிந்துவிடும், பிறகு இவர் எங்கே போய் இருப்பார் என்று நினைக்கிறாள். நானும் அவரைக் கேட்கமாட்டேன். அவர் பாவம்.

ஆனால் அவளும் பாவம்தான், தனு. இந்தச் சந்தர்ப்பம் இன்னொரு முறை வருமோ தெரியாது.

என்னை எண்ணாவிட்டாலும் பரவாயில்லை. அவளை எண்ணு. நான் எழுதினதாகச் சொல்லிப்போடாதே.

மாமி

*

கொழும்பு
12.04.2025

அன்பு மாமாவுக்கும் மாமிக்கும்,

வருடப்பிறப்புக்கு என்னால் வர முடியவில்லை. உங்கள் இருவரையும் இங்கிருந்தே விழுந்து கும்பிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். எழுப்பிவிட ஆள் இல்லாததால் அதிக நேரம் விழுந்து கிடந்தேன் என்றும் வைத்துக்கொள்ளுங்கள்.

மாமா, இன்னொரு வெறும் படிவம் அனுப்புகிறேன். குழுத் தலைவர் தன் கையால் எழுதிக் கையெழுத்து வைத்தால்தான் செல்லும். எனக்கு என்ன தெரிந்தாலும் ஓர் எழுத்தைக்கூட நான் மாற்ற முடியாது.

வடக்கில் இருந்து இதுவரை எண்பது படிவம் வந்துவிட்டது. பெண்கள் கட்டத்தில் பெரும்பாலும் பூச்சியம். உடல் குறைக் கட்டத்தில் எண்பதிலும் பூச்சியம். கம்பத்தில் ஏறி, கரண்டில் கை வைத்து, ஒலிபெருக்கிக்குக் கீழே நின்று வேலை செய்கிற இத்தனை பேரில் ஒருவருக்குக்கூட ஒரு குறையும் இல்லையா என்று என் மேலதிகாரி கேட்கிறா. எனக்குப் பதில் தெரியவில்லை. உங்களுக்கு எங்களை விட அனுபவம் கூட. தெரிந்தால் எழுதுங்கள்.

மே 31. மறக்க வேண்டாம்.

தனு

*

கொழும்பு
13.05.2025

அன்பு மாமாவுக்கு,

ஒரு மாதமாக உங்களிடமிருந்து ஒரு வரியும் இல்லை. கடலுக்குக் கடிதம் எழுதப் போனவர் அங்கேயே நின்றுவிட்டீர்களா? அம்மாவும் விசாரிக்கிறா. இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது.

தனு

*

சண்டிலிப்பாய்
21.05.2025

அன்பு மருமகளுக்கு,

சுகம் விசாரிப்பதைப் பிறகு பார்ப்போம். முதலில் சங்கதி.

மே பத்தாம் திகதி, சனிக்கிழமை. பண்டத்தரிப்புப் பக்கம் ஒரு வாசிகசாலையில் ஆண்டுவிழா. பின்னேரம் மூன்று மணிக்கு நாடகம். அன்றைக்கு றொசாந்தியின் தாய் லூர்த்தம்மாவுக்குக் கண் சத்திரசிகிச்சை. "வேறை ஆரையும் பிடியுங்கோ அங்கிள்" என்று முதல் நாளே சொன்னாள். "நான் இருக்கேக்கை வேறை ஆளோ?" என்று கேட்டேன். நிருஷனைக் கொண்டு வயர் எல்லாவற்றையும் பெரிய மிக்சருக்கே மாற்றுவித்தேன். அவன் என் முகத்தைப் பார்த்துவிட்டு மாற்றினான்.

நாடகத்தில் ஒரு தாய் மகனைத் தேடி வந்து கதறுகிற கட்டம். நான் ஒலியை மெல்ல ஏற்றினேன். சனம் திரும்பி என்னைப் பார்த்தது. ஐந்நூறு பேர். சரி, நூற்றைம்பது. கை ஆட்டினார்கள். எழும்பி நின்றார்கள். இரண்டு கையையும் தலைக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்கள், கும்பிடத்தான் தூக்குகிறார்கள் என்று நினைத்தேன். முப்பத்தெட்டு வருடத்தில் அப்படியொரு வரவேற்பு எனக்குக் கிடைக்கவில்லை, தனு. நானும் எழும்பிக் கும்பிட்டேன். கும்பிட்டுவிட்டு இன்னும் கொஞ்சம் ஏற்றிவிட்டேன்.

கோபிசங்கர் லைற் கம்பத்தில் இருந்து குதித்து ஓடி வந்து மெயினை இழுத்து நிறுத்தினான். மைக் காது கிழியக் கூவியிருக்கிறது. அந்தக் கட்டம் முழுக்கக் கூவியிருக்கிறது. தாயின் கதறலில் ஒரு சொல் ஒருவருக்கும் கேட்கவில்லை. கூவல் எனக்குக் கேட்கவில்லை.

தாயாக நடித்தவர் அற்புதராணி என்கிற முன்பள்ளி ரீச்சர். பூச்சைக் கழுவாமல் வந்து என் இடப்பக்கம் நின்று, "ஐயா, நான் ஆறு மாசமாப் பாடமாக்கினனான்" என்றா. அவ்வளவுதான். ஏசியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன்.

இதை உனக்கு வேறு விதமாக எழுதத்தான் தொடங்கினேன். கரண்ட் கூடிக் குறைந்தது என்று ஒரு கடிதம் எழுதினேன். திடீர்ச் சூறாவளி என்று இன்னொன்று. இரண்டும் நல்ல கடிதங்கள். மாமி வாசித்துவிட்டு அடுப்புக்குள் வைத்தா. அவ உனக்கு எழுதியதும் எனக்குத் தெரியும். ஏப்ரலில் முத்திரை வாங்கியதைத் தபால்காரர் சொல்லிவிட்டார். அவரும் என் இடப்பக்கம் நின்றுதான் சொன்னார்.

பிறகு குருநகருக்குப் போனேன். றொசாந்தி தாயின் கண்ணுக்கு மருந்து விட்டுக் கட்டுப் போட்டுக்கொண்டு இருந்தாள்.

"பிள்ளை, எனக்குக் காது கேளாது எண்டு உனக்கு எப்பயிருந்து தெரியும்?"

"வந்த முதல் நாளே தெரியும் அங்கிள்."

"கோபிக்கு?"

"எல்லாருக்கும் தெரியும். நாங்கள் ஏன் எப்பவும் உங்கடை இடக்கைப் பக்கமே வந்து நிக்கிறம் எண்டு நினைச்சியள்? மற்றப் பக்கம் வெயிலெண்டோ?"

கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்த சிமியோன் தலையைத் தூக்காமலே, உரத்த குரலில், "சீவரத்தினத்தார், உங்கடை ரகசியம் எங்கடை கோயில் மணி மாதிரி. ஊருக்கெல்லாம் கேட்டது, உங்களுக்கு மட்டுந்தான் கேட்கேல்லை" என்றார். லூர்த்தம்மா கட்டுப்போட்ட கண்ணோடு சிரித்தா. "ஐயோ, என்னைச் சிரிக்கப் பண்ணாதேங்கோ, டொக்டர் வேண்டாமெண்டவர்" என்றா. என்ன செய்வது, நானும் சிரித்தேன்.

படிவத்தை எடுத்து மேசையில் வைத்து, "உன்ரை பேரை எழுதப் போறன்" என்றேன். அவள் மருந்துப் போத்தலை மூடி வைத்தாள்.

"அப்ப உங்களை எங்கை எழுதுவியள்?"

அதுதான் என் பயமும். அதை அவள் கேட்டுவிட்டாள்.

"முதலாளி எண்டு எழுதுங்கோ" என்றாள். "முதலாளிக்குக் காது என்னத்துக்கு? எந்த முதலாளி கேட்டவர்?"

உன் படிவம் இதோடு வருகிறது. மொத்தம் ஆறு பேர். ஆண் நான்கு, பெண் இரண்டு. சைவம் ஐந்து, கத்தோலிக்கம் ஒன்று. ஒலியைக் கையாள்பவர்: சிமியோன் றொசாந்தி. அவளுக்கு நான் படிப்பித்தேன் என்று ஊரில் சொல்லி வைத்திருக்கிறேன். நீ அதை எழுதாதே. தங்கள் கோயில் நாடகங்களில் தானாகப் பழகியவள். மேடைத் திரை, உடுப்பு, வயர்: மீனாம்பிகை. மாமி தன் பெயரைக் கண்டுவிட்டு, "எழுத்து வடிவாயில்லை" என்றா. ஆனால் படிவத்தை வாங்கி இன்னொரு முறை பார்த்தா.

உடல் குறை: ஒன்று. அதை எழுத மூன்று நாள் எடுத்தது. படிவத்திலேயே வடிவாக விழுந்த எழுத்து அதுதான்.

நீ சுகமா? நான் சுகம். உண்மையாகச் சொல்கிறேன்.

மாமா

*

கொழும்பு
19.07.2025

அன்பு மாமாவுக்கு,

றொசாந்தி இங்கே வந்து இரண்டு கிழமை. சுகமாக இருக்கிறா. விடுதிச் சாப்பாட்டுக்கு உறைப்புப் போதாதென்று என் வீட்டுக்கு வந்து சம்பல் இடித்துக்கொண்டு போகிறா. பன்னிரண்டு பேர் படிக்கிறார்கள், பெண்கள் மூவர். முதல் நாள் மற்றவர்கள் மிக்சரைத் தொடத் தயங்கியபோது இவ போய் நாலு மைக்கை ஒழுங்காக்கிவிட்டு வந்து இருந்தாவாம். யாரிடம் பழகினீர்கள் என்று கேட்டதற்கு, "கேட்காத ஒருத்தருக்குப் பக்கத்திலை இருந்து பழகினனான். அவருக்காகவும் நானே கேட்க வேண்டியிருந்தது" என்றாவாம்.

கணக்கு முடிந்துவிட்டது. நூற்றுப்பதினெட்டுக் குழுக்கள், அறுநூற்றுப் பதினொரு பேர். அதில் பெண்கள் முப்பத்தேழு, இருவர் உங்களுடையவர்கள். உடல் குறைக் கட்டத்தில் முழு வடக்கிலும் ஒன்று. அது நீங்கள்.

அன்போடு,
தனு

*

சண்டிலிப்பாய்
28.07.2025

அன்பு மருமகளுக்கு,

முழு வடக்கிலும் ஒன்று! அந்த வரியைக் கண்டதும் மாமியைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னேன், ஆடுகளுக்கும் வாசித்தேன். எல்லோரும் சுகம், எனக்கு மட்டும் பெருமையால் இரவு நித்திரை குறைவு.

யோசித்துப் பார். அறுநூற்றுப் பதினொரு பேரில் அறுநூற்றுப் பத்துப் பேர் ஒரு பக்கம், உன் மாமா தனியாக மறுபக்கம். நான் இல்லாவிட்டால் உங்கள் அந்தக் கட்டமே பாழ். ஒலி ஒளிக்காரர் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் எழும்பி உன் கடிதத்தை வாசித்தேன். "இதிலை நாப்பது பேர் இருக்கிறியள். குழாய்க்குக் கீழை நிண்டு ஆயுசைக் கழிச்ச ஆக்கள். வடக்கிலை காது கேளாத சவுண்ட்காரன் நான் ஒருத்தன்தானாம். உங்களிலை ஒருத்தருக்கும் அந்தத் தகுதி இல்லை" என்றேன். மண்டபம் அமைதியாகிவிட்டது. அல்லது எனக்கு அப்படி இருந்தது.

வைரவர் கோயில் தர்மகர்த்தா விஷயம் அறிந்து வீட்டுக்கே வந்தார். இனிக் கூப்பிடமாட்டார் என்று நினைத்தேன். "அந்தக் குருநகர்ப் பிள்ளை எப்ப திரும்பி வரும்? திருவிழாவுக்கு நாள் குறிக்கோணும்" என்றார். அவருக்கும் தெரிந்திருக்கிறது. எந்த வருடத்தில் இருந்து என்று நான் கேட்கவில்லை. சில விஷயம் எனக்குக் கேட்காமலே இருக்கட்டும்.

தனியொருவன்,
சீவரத்தினம் மாமா

*

கொழும்பு
22.08.2025

அன்பு மாமாவுக்கு,

நித்திரை வருகிறதா? வராவிட்டால் இந்தக் கடிதம் வரப்பண்ணும்.

உங்கள் சங்கக் கூட்டத்துக்குப் பிறகு எங்கள் அலுவலகத்துக்குப் பதினொரு கடிதங்கள் வந்தன. எல்லாம் படிவத்தைத் திருத்தச் சொல்லி. ஒன்பது பேருக்குக் காது, ஒருவருக்குக் கம்பத்தில் இருந்து விழுந்த கால், ஒருவருக்குக் கரண்ட் பட்ட கை. நீர்வேலியில் இருந்து வந்த கடிதத்தில் ஒரேயொரு வரி: "சீவரத்தினத்தார் எழுதலாமெண்டால் நாங்களும் எழுதலாம்." அதை எங்கள் சுவரில் ஒட்டியிருக்கிறோம்.

ஆகவே இப்போது அந்தக் கட்டத்தில் பன்னிரண்டு. அறிக்கையின் அந்தப் பகுதியைப் புதிதாக எழுதுகிறோம். வருடம் ஒருமுறை காதுப் பரிசோதனையும், எல்லோருக்கும் காதடைப்பானும் கேட்டிருக்கிறோம். உங்கள் தனிப் பெருமை போய்விட்டது, மன்னிக்க வேண்டும்.

றொசாந்தி போன சனிக்கிழமை யாழ்தேவி ஏறிவிட்டா. மாமிக்கு ஒரு நல்ல கத்தரிக்கோல் கொடுத்துவிட்டிருக்கிறேன், கறுப்புத் திரை வெட்ட.

தனு

*

சண்டிலிப்பாய்
07.09.2025

அன்பு மருமகளுக்கு,

கத்தரிக்கோல் கிடைத்தது. மாமி அதை ஒருவரையும் தொட விடுவதில்லை. மற்றபடி எல்லோரும் சுகம்.

பதினொரு பேரா? நான் நம்பவில்லை. உன் கணக்குப் பிழைத்துவிடக் கூடாதே என்று நானே போய் ஒவ்வொருவராகச் சோதித்தேன். நீர்வேலிக்காரர் சரி, பக்கத்தில் வெடி போட்டாலும் வாழைக்குலையைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பார். அவருடைய இரண்டு காதும் என் ஒரு காதுக்குச் சமம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உடுவிலில் ஒருவன் இருக்கிறானே, அவனுக்குப் பின்னால் போய் நின்று, மிக மெல்லமாக, "தேத்தண்ணி குடிப்பமோ?" என்றேன். உடனே, "ஓமண்ணை, சீனி குறைச்சு" என்றான். உவனை வெட்டு.

நேற்று அந்த வாசிகசாலைக்காரர் நாடகத்தைத் திரும்பவும் போட்டார்கள். நான்தான் போய்க் கேட்டேன். எங்கள் செலவில் ஒலி ஒளி என்றேன். அற்புதராணி ரீச்சர் முதலில், "ஆர் சவுண்ட்?" என்று கேட்டா. பெயரைச் சொன்னபிறகுதான் ஓம் என்றா. வாசலில் ஒட்டிய நோட்டீசிலும் 'ஒலி: சி. றொசாந்தி' என்று போட்டிருந்தது. சிமியோனும் லூர்த்தம்மாவும் வந்து, கட்டவிழ்த்த கண்ணால் அதை வாசித்துவிட்டுத்தான் உள்ளே போனார்கள்.

றொசாந்தி நடு மண்டபத்தில் மேசை போட்டு, எல்லோருக்கும் தெரிய இருந்தாள். பெரிய மிக்சரை நான் கொண்டுபோகவில்லை. எனக்குச் செய்ய ஒரு வேலையும் இல்லை. மாமியும் திரையை நேரத்தோடு கட்டி முடித்துவிட்டதால், இரண்டு பேரும் முன்வரிசையில் போய் இருந்தோம். இத்தனை வருடத்தில் மாமி ஒரு நாடகத்தை முன்னால் இருந்து பார்த்தது இதுதான் முதல் தரம். எல்லாவற்றையும் திரையின் பின்பக்கத்தில் இருந்தே கேட்டிருக்கிறா.

தாய் கதறுகிற கட்டம் வந்தது. ரீச்சரின் வாய் அசைவது தெரிந்தது. சொல் எனக்குப் பிடிபடவில்லை. மண்டபத்தைத் திரும்பிப் பார்த்தேன். முந்நூறு பேர், இந்த முறை உண்மையாகவே முந்நூறு, ஒருவரும் அசையவில்லை. மாமியைப் பார்த்தேன். சேலைத் தலைப்பு வாயில் இருந்தது, கண்ணால் நீர் ஓடிக்கொண்டிருந்தது. எனக்குத் தாங்கவில்லை. "என்ன சொல்லுறா? என்ன சொல்லுறா?" என்று கேட்டேன். நான் மெல்லமாகத்தான் கேட்டேன் என்று நினைக்கிறேன்.

மாமி என் இடது காதுக்குள் குனிந்து சொன்னா:

"பேசாமல் இருங்கோ. எனக்குக் கேட்கோணும்."

பேசாமல் இருந்தேன், தனு. கடைசி வரைக்கும்.

பன்னிரண்டு பேரில் (உடுவிலான் போனால் பதினொரு பேரில்) முதலாமவன்,
மாமா சீவரத்தினம்